சுருக்கெழுத்தில் உயிர் எழுதுவதில்லை

லூவனில் நவம்பர். நாலரைக்கே விளக்கு.
கரியடுப்பு ஒரு மூலையை மட்டும் சூடாக்கும் அறையில்
லுட்கார்ட் வான்ஹெக்கே
செத்துப்போன ஒரு பேராசிரியரின் தாள்களைத்
தட்டச்சில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.
எட்டாவது வருடம்.
அவரை அவள் பார்த்ததில்லை.
அவர் கண்ணாடி மாற்றிய வாரம் மட்டும் தெரியும்:
கோடுகள் திடீரென்று சிறுத்துவிட்டன.

சுருக்கெழுத்து.
அடுத்தவர் பேச்சை ஓடிப் பிடிக்கப் பிறந்த எழுத்து.
அவரோ ஓடியது தன்னைத் துரத்தி.
அதில் உயிருக்கென்று தனிக்கோடு கிடையாது.
பக்கத்து மெய் சற்று ஏறி நின்றால் ஓர் உயிர்,
இறங்கி நின்றால் வேறொன்று,
மை தடித்தால் இன்னொன்று.
தமிழில் சொல்லிப் பார்த்தால் திக்கென்கிறது:
உயிர் எங்கும் இல்லை.
மெய் கொஞ்சம் இடம் தள்ளி நிற்கிறது,
அவ்வளவுதான்.

இன்றைய தாளில் அவர்
'இப்போது' என்பதைப் பிடிக்கப் பார்க்கிறார்.
முன்முடிவுகளைச் செருப்பு மாதிரி வாசலில் விட்டு,
உலகம் உண்டா இல்லையா என்ற வழக்கை
வாய்தா போட்டுவிட்டு,
தோன்றுவது தோன்றுகிறபடியே
மனத்தின் முன்னால், நேருக்கு நேர்.
நடுவே தரகர் இல்லை, சொல்கூட இல்லை.
இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.
வெறுங்காலோடு வாசலில் நிற்கும் ஒருவரை
எப்படிக் கேலி செய்வது?

ஏழாவது வரியில் 'இப்போது' அடிக்கப்பட்டிருக்கிறது.
அதன் தலைக்கு மேல், பென்சிலில்,
'இப்போதுதான்.'

(அவள் ஜெர்மனில் அடிக்கிறாள். நான் என் மொழியில் படிக்கிறேன்.
இப்போது வருகிறான் என்றால் இனிமேல் வருவான்;
இப்போதுதான் வந்தான் என்றால் வந்தாயிற்று.
ஒரு 'தான்' போய் ஒட்டியதும்
நிகழ்காலம் நழுவிவிடுகிறது.
தான் என்றால் தன்னையும்தானே சொல்கிறோம்.)

பாரிஸிலிருந்து ஜலதோஷத்தோடு வந்திருக்கும் ஒதீல் குர்தாத்
தோளுக்குப் பின்னால் குனிகிறாள்.
"அடித்ததை என்ன செய்வீர்கள்?"
"அடிக்குறிப்பில் போடுவோம். விதி."
"அதை அங்கே இறக்கிவிட்டால், மேலே இருப்பது
எதன் மேல் நிற்கும்?"
லுட்கார்டுக்குக் கோபம்.
குண்டு விழுந்த நகரங்களிலிருந்து
பெட்டி பெட்டியாக வந்து சேர்ந்த தாள்கள் இவை.
"எட்டு வருடமாக நான் அடுக்குகிறேன்.
நீங்கள் இடிக்க வந்தீர்களா?"
"இல்லை. அவர் கட்டியபோதே விரிசல் இருந்திருக்கிறது.
மறைக்காமல் விட்டிருக்கிறார்.
விரல் வைத்துப் பார்க்கிறேன்."
தும்மல். மன்னிப்பு. மறுபடி தும்மல்.

நூலகக் கோபுரத்தில் ஐந்து மணிக்கான மெட்டு.
போன குளிரில் ஒரு மணி வெடித்ததிலிருந்து
அதன் முறை வரும்போது இசைப்பவர் சும்மா விட்டுவிடுகிறார்.
ஊர் அந்த ஓட்டையைக் கேட்கப் பழகிவிட்டது.
நேற்று வந்தவள் ஒதீல்.
அவளும் அதே இடத்தில்தான் தலை நிமிர்கிறாள்.
ஒலிக்காததை இரண்டு பேரும் கேட்டார்கள்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு லுட்கார்ட் தட்டச்சின் உருளையைப் பின்னுக்கு இழுத்து,
ஏற்கெனவே அடித்த 'இப்போது' மீது
மெல்ல, மிக மெல்ல, பெருக்கல் குறிகளை இறக்குகிறாள்.
அழிந்தது என்று தெரிய வேண்டும்,
படிக்கவும் வேண்டும்.
அரை வரி உயர்த்தி மற்றதை.
விதிப்படி இது பிழை.

பின்னாளில் இதற்கு எங்கள் மொழியில்
கட்டுடைப்பு என்று பெயர் வந்தது.
அன்று மாலை எதுவும் உடையவில்லை.
ஒரு கட்டை அவிழ்த்தார்கள், அவ்வளவே.
சணல் கயிறு, பழுப்பு உறை, இருபத்தெட்டு தாள்.
ஆறு மணிக்குத் திரும்பக் கட்டினாள்.
ஒதீல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.
முதலில் இருந்த முடிச்சு எப்படி இருந்தது என்று
இரண்டு பேருக்கும் நினைவில்லை.